கம்பெனி கைமாறினால் நம் டெலிபோன் என்னாகும்?

“டீச்சர்... டீச்சர் இருக்கீங்களா?”

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். ஐந்தாம் ஆண்டு மாணவர்களின் கட்டுரை ஏடுகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். குரல் கேட்டு எட்டிப் பார்த்தால், வாசலில் மூன்றாவது லயத்துப் பாட்டி நின்றுகொண்டிருந்தார். உள்ளே வந்து உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. இடுப்பிலிருந்த சுருக்குப்பையை அவிழ்த்து, கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்த கைத்தொலைபேசியை எடுத்து நீட்டினார்.

“டெலிபோன்ல என்னமோ எழுத்து வந்திருக்கு டீச்சர். மலாய்ல இருக்குதாம். கொஞ்சம் என்னான்னு பாத்துச் சொல்லுங்களேன்.”

சிவப்புப் பேனாவைக் கீழே வைக்காமலேயே அந்தச் செய்தியைப் பார்த்தேன். முதல் இரண்டு வரிகளில் கம்பெனியின் புதிய பெயர், நன்றி, புதிய அனுபவம், புதிய திட்டம் என்றெல்லாம் இருந்தது. அதற்குக் கீழேயும் பல வரிகள் இருந்தன. நான் அவ்வளவு தூரம் போகவில்லை.

“ஒன்னுமில்ல பாட்டி. கம்பெனிக்காரன் விளம்பரம் அனுப்பியிருக்கான். பயப்படாம போங்க.”

பாட்டி நிம்மதியாகச் சிரித்துவிட்டுப் போனார். நான் ஏடுகளைத் திருத்தப் போனேன்.

இது நடந்தது 2016-ஆம் ஆண்டில். இன்றும் அந்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது. படித்தவள் என்று நம்பி ஒருவர் என்னிடம் ஒரு தாளை நீட்ட, நான் அதைப் பாதி படித்துவிட்டு முழுப் பதில் சொன்னேன். அந்தப் பாதிப் படிப்பின் விலையைப் பாட்டிதான் கொடுத்தார்.

நள்ளிரவில் வந்த மகன்

பாட்டியின் மகன் சிங்கப்பூரில் லாரி ஓட்டுகிறார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தாயாரோடு பேசுவார். பாட்டிக்கு வருகிற போனை எடுத்துப் பேசத் தெரியும். தானாக யாருக்கும் போட்டுப் பேசத் தெரியாது. மூன்று மாதத்திற்கு ஒருமுறை மளிகைக் கடையில் பத்து வெள்ளிக்கு டாப்-அப் செய்துகொள்வார். அந்தக் காலக்கெடு முடியும் நாளைக் கடைக்காரரே நாட்காட்டியில் வட்டமிட்டுக் கொடுப்பார். வருடக்கணக்கில் அந்த எண் அப்படித்தான் உயிரோடு இருந்தது.

கம்பெனி கைமாறிய பிறகு கணக்கு வேறாகிவிட்டது. முன்பு பத்து வெள்ளி போட்டால் மூன்று மாதம் என்று இருந்தது, புதிய நிபந்தனைப்படி பத்து நாளாகச் சுருங்கியிருந்தது. நான் படிக்காமல் விட்ட கீழ் வரிகளில் இருந்த சேதி இதுதான். பாட்டியோ பழைய கணக்கையே நம்பிப் பத்து வெள்ளி போட்டுவிட்டு மூன்று மாதம் இருக்கிறது என்று நிம்மதியாக இருந்தார். பத்து நாள் கழித்து வெளியே பேச முடியாமல் போனது. பாட்டிக்கு அது தெரிய வழியில்லை. சில வாரங்களில் உள்ளே வரும் அழைப்பும் நின்றது. “இந்த வாரம் தம்பிக்கு வேலை அதிகம் போல” என்று பாட்டி தம்மையே தேற்றிக்கொண்டிருந்தார்.

அங்கே மகன் தவித்துப்போனார். ஒரு ஞாயிறு கிடைக்கவில்லை. திங்களும் கிடைக்கவில்லை. செவ்வாயும் அதே குரல், “எண் உபயோகத்தில் இல்லை”. எழுபது வயதைத் தாண்டிய தாய், நீரிழிவு நோய், தனிக்குடித்தனம். அவர் மனத்தில் என்னென்ன ஓடியிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. புதன்கிழமை வேலை முடிந்ததும் ஜோகூர் பாருவுக்கு வந்து பஸ் ஏறிவிட்டார். நள்ளிரவுக்கு மேல் லயத்துக் கதவைத் தட்டியபோது, உள்ளிருந்து “யாரு?” என்று கேட்ட குரலைக் கேட்டுத்தான் அவருக்கு மூச்சே வந்ததாம். வாசற்படியிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டாராம். மறுநாள் பாட்டி என்னிடம் இதைச் சொன்னபோது ஒரு வார்த்தை குறை கூறவில்லை. “நீங்க என்னா செய்வீங்க டீச்சர், உங்களுக்கும் ஆயிரம் வேல” என்றார். திட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

மகனோடும் பாட்டியோடும் நானும் பட்டணத்திற்குப் போனேன். டெலிபோன் கடையில் இருந்தவன் என் பழைய மாணவன். கணினியைத் தட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

“எண் முடிஞ்சு போச்சு டீச்சர். அதோட, இந்த எண் பாட்டி பேர்லயே இல்ல.”

பிறகுதான் விஷயம் வெளிவந்தது. அந்த சிம் கார்டை முன்பு தோட்டத்துக்கு வேனில் வந்து விற்ற ஆள், அவசரத்தில் யாருடைய அடையாள அட்டையையோ போட்டுப் பதிந்திருக்கிறார். பாட்டி வருடக்கணக்கில் பயன்படுத்திய எண், சட்டப்படி முகம் தெரியாத யாரோ ஒருவருடையது. திரும்பக் கேட்கும் உரிமைகூட அவருக்கு இல்லை.

எண் போனதோடு முடியவில்லை. கணவர் இறந்த பிறகு வரும் சொக்சோ பென்ஷன் கோப்பில் அந்த எண்தான் இருந்தது. வங்கிப் புத்தகத்தோடு இணைந்திருந்ததும் அதுதான். கிளினிக் அட்டையிலும் அதுதான். எல்லா இடத்திற்கும் அலைந்து மாற்ற இரண்டு வாரம் ஆயிற்று.

அந்தக் கம்பெனியின் பெயரை நான் எழுதப் போவதில்லை. அவர்கள் செய்தி அனுப்பினார்கள், படிக்காதது நான். யாரையும் வம்புக்கு இழுப்பதற்காக இதை எழுதவில்லை. நம் வீடுகளில் ஆளுக்கொரு கைத்தொலைபேசி இருக்கிறது. அதன் பின்னால் இருக்கும் கம்பெனிகள் விற்கப்படுகின்றன, வாங்கப்படுகின்றன, ஒன்றாகச் சேர்கின்றன. அப்போது நம் நிலை என்ன என்பதை நாம் தெரிந்துகொள்ள வேண்டாமா?

தோட்டம் கைமாறிய கதைதான் இதுவும்

கைமாறுவது என்றால் என்னவென்று தோட்டத்து மக்களுக்குப் புதிதாகச் சொல்லித் தர வேண்டியதில்லை. 1950-களிலும் 60-களிலும் பெரிய தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது நம் பெற்றோரும் பாட்டன் பாட்டியும் பட்ட பாடு நம் குடும்பக் கதையாகவே இருக்கிறது. அந்தத் துண்டாடலைக் கண்டு மனம் பொறுக்காமல்தான் துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர்கள் சிறுகச் சிறுகச் செலுத்திய பணத்தில் கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டம் முதலாவதாக வாங்கப்பட்டது. பின்னர், 1981 செப்டம்பர் 7-ஆம் நாள், லண்டன் பங்குச் சந்தையில் சில மணி நேரத்திற்குள் கத்ரி கம்பெனியின் பங்குகள் வாங்கப்பட்டு, அதன் தோட்டங்கள் மலேசியர் கைக்கு வந்தன.

இந்த இரண்டு கதைகளுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. துண்டாடலில் தோட்டமே விற்கப்பட்டது. நிலம் வேறு முதலாளிக்குப் போனது. கத்ரியிலோ கம்பெனி அப்படியே இருந்தது; அதன் பங்குகளை வைத்திருந்தவர்கள் மாறினார்கள். ஒன்றில் வீடு விற்கப்பட்டது என்றால், மற்றதில் வீட்டுக்காரர் மாறினார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

டெலிபோன் கம்பெனி கைமாறுவதிலும் இதே இரண்டு வழிகள்தான். பங்குகள் மட்டும் கைமாறினால், நாம் ஒப்பந்தம் செய்துகொண்ட கம்பெனி சட்டப்படி அதேதான். ஒப்பந்தமும் அப்படியே தொடர்கிறது. வியாபாரத்தையே இன்னொரு கம்பெனிக்கு விற்றால், நம் ஒப்பந்தத்தையும் சேர்த்து அங்கே மாற்றிக் கொடுக்கிறார்கள். “எங்கள் உரிமைகளையும் கடமைகளையும் வேறொருவருக்கு மாற்றித் தரலாம்” என்று நாம் கையெழுத்துப் போட்ட தாளிலேயே சிறிய எழுத்தில் ஒரு வரி இருக்கும். அந்த வரியின் பலத்தில்தான் அது நடக்கிறது.

தொழிலாளிக்கு ஒரு பாதுகாப்பு உண்டு. 1980-ஆம் ஆண்டின் வேலை நீக்க, ஆட்குறைப்பு நலன் விதிமுறைகளின்படி, தொழில் கைமாறும்போது புதிய முதலாளி ஏழு நாட்களுக்குள், பழைய நிபந்தனைகளுக்குக் குறையாத நிபந்தனைகளோடு வேலையைத் தொடர முன்வர வேண்டும். இல்லையென்றால் தொழிலாளிக்கு நஷ்டஈடு சேர வேண்டும். ‘குறையாத நிபந்தனை’ என்ற அந்த இரண்டு சொற்கள் எத்தனை குடும்பங்களைக் காப்பாற்றியிருக்கின்றன! டெலிபோன் வாடிக்கையாளரைக் காப்பது அந்த விதியன்று. அவர் கையெழுத்திட்ட ஒப்பந்தமும், தொடர்பு பல்லூடக ஆணையத்தின் கட்டளைகளும், அவருடைய சொந்த விழிப்பும்தான் அவருக்குத் துணை.

எண்களுக்குள் ஒரு சரித்திரம்

நம் நாட்டு டெலிபோன் எண்களின் முதல் மூன்று இலக்கங்களைப் பார்த்தாலே எத்தனை கைமாற்றங்கள் நடந்திருக்கின்றன என்று தெரிந்துகொள்ளலாம்.

ஒரு காலத்தில் டெலிபோன் என்றால் அரசாங்க இலாகாதான். தோட்டத்தில் ஆபீசிலும் துரை பங்களாவிலும் மட்டும் மணி அடிக்கும். ஊரிலிருந்து சாவுச் செய்தி வந்தால் கிராணி ஆள் அனுப்பிச் சொல்வார். 1987 ஜனவரி 1-ஆம் நாள் அந்த இலாகாவின் பணிகள் சியாரிக்காட் டெலிகோம் மலேசியா என்ற கம்பெனிக்கு மாறின. 1990-இல் அது பங்குச் சந்தைக்கு வந்தது.

அதன் பிறகு கைத்தொலைபேசிக் கம்பெனிகள் ஒவ்வொன்றாக முளைத்தன. 019 செல்கோம், 012 மேக்சிஸ், 016 டிஜி, 018 மோபிகோம், 013 டிஎம் டச் என்று இலக்கத்தைப் பார்த்தே அப்போது கம்பெனியைச் சொல்லிவிட முடிந்தது. 017 என்ற எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். ஆடம் என்ற பெயரில் தொடங்கி, டைம்செல் ஆகி, 2003-இல் மேக்சிஸ் கைக்குப் போனது. எண்ணை வைத்திருந்தவர் இருந்த இடத்திலேயே இருந்தார். முதலாளி மட்டும் மாறிக்கொண்டே இருந்தார். அதே 2003-இல் டெலிகோம் மலேசியா செல்கோமை எடுத்துக்கொண்டு, 013 எண்களை அதனோடு சேர்த்தது. 2008-இல் டெலிகோமிலிருந்து கைத்தொலைபேசித் தொழில் தனியே பிரிந்தது. அந்தப் பிரிவுதான் 2009-இல் அக்ஸியாத்தா என்று பெயர் மாறியது.

எல்லாவற்றிலும் பெரியது 2022-இல் நடந்தது. செல்கோமும் டிஜியும் ஒன்றாயின. டிஜி கம்பெனி, அக்ஸியாத்தாவிடமிருந்து செல்கோமின் பங்குகள் முழுவதையும் வாங்கிக்கொண்டது. அந்த ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் இணைப்பு நிறைவேறியபோது, அக்ஸியாத்தாவும் நார்வே நாட்டு டெலினோரும் ஆளுக்கு 33.1 விழுக்காடு பங்கு வைத்துக்கொண்டன. ஏறத்தாழ 2 கோடி வாடிக்கையாளர்கள் ஒரே கூரையின்கீழ் வந்தார்கள். 2023-இல் கம்பெனியின் பெயர் செல்கோம்டிஜி என்று மாறியது.

இவ்வளவு பெரிய இணைப்பு சும்மா நடந்துவிடவில்லை. தொடர்பு பல்லூடக ஆணையம் 2022 ஏப்ரலில் தன் ஐயங்களை எழுத்தில் வைத்தது. போட்டி குறைந்தால் வாடிக்கையாளருக்கு என்ன நேரும் என்பதுதான் அதன் கவலை. கம்பெனிகள் சில உறுதிமொழிகளைக் கொடுத்தன. 70 மெகாஹெர்ட்ஸ் அளவு அலைவரிசையைத் திருப்பிக் கொடுப்பது, சில மாநிலங்களில் ஒரே விநியோகஸ்தருக்கு மட்டும் சரக்குக் கொடுக்கும் வழக்கத்தை நிறுத்துவது, சொந்தக் கோபுரம் இல்லாத சிறிய கம்பெனிகளுக்குச் சேவையை மொத்தமாக விற்பதற்குத் தனிப் பிரிவு அமைப்பது ஆகியவை அவற்றுள் சில. அதன் பிறகே, ஜூன் 28-ஆம் நாள் ஆணையம் தனக்கு ஆட்சேபணை இல்லை என்று அறிவித்தது.

‘சொந்தக் கோபுரம் இல்லாத சிறிய கம்பெனி’ என்றேனே, அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பெரிய கம்பெனியிடம் பேச்சு நேரத்தையும் இணையத்தையும் மொத்தமாக வாங்கி, தன் பெயரில் சில்லறையாக விற்பவர்கள் இவர்கள். மொத்தக் கடையில் அரிசி மூட்டை வாங்கி, நம் தோட்டத்துக் கடையில் கட்டி விற்பதைப் போல. விலை மலிவாக இருக்கும். அதனால் நம் மக்களில் பலர் இவர்களிடம்தான் சிம் கார்டு வாங்குகிறார்கள். இப்படிப்பட்ட கடைகளில் சில நிலைத்து நிற்கின்றன, சில மூடப்படுகின்றன, சில கைமாறுகின்றன. பாட்டியின் எண்ணும் அப்படியொரு கம்பெனியுடையதுதான்.

நிபந்தனை எங்கே மாறுகிறது?

கம்பெனி கைமாறிய மறுநாளே விலை ஏறிவிடும் என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலும் முதல் நாளில் எதுவும் மாறாது. “உங்கள் எண் அதுவேதான், உங்கள் திட்டம் அதுவேதான்” என்று அறிவிப்பும் வரும். அது பொய்யுமன்று. மாற்றம் மெதுவாக, வேறு வாசல் வழியாக வருகிறது. எந்தெந்த வாசல் என்று தெரிந்தால் காவல் இருக்கலாம்.

முதலாவது, பழைய திட்டம் நிறுத்தப்படுவது. இரண்டு கம்பெனி சேர்ந்தால் இருபது முப்பது திட்டங்கள் குவியும். எல்லாவற்றையும் கட்டிக் காப்பது செலவு. அதனால் பழையவற்றை மூடி, அதில் இருப்பவர்களை ‘ஏறத்தாழச் சமமான’ புதிய திட்டத்திற்கு மாற்றுகிறார்கள். அந்த ‘ஏறத்தாழ’ என்ற சொல்லில்தான் நம் பணம் இருக்கிறது. இணையம் கூடியிருக்கும், பேச்சு நேரம் குறைந்திருக்கும். பேச மட்டுமே டெலிபோன் வைத்திருக்கும் பெரியவர்களுக்கு இணையம் கூடியதால் என்ன லாபம்?

இரண்டாவது, பிரிபெய்டு காலக்கெடு. பத்து வெள்ளிக்கு எத்தனை நாள் என்பதில் ஏற்படும் மாற்றம் விலையேற்றம்போல் கண்ணுக்குத் தெரியாது. நிமிடக் கட்டணம் அதேதான். ஆனால் எண்ணை உயிரோடு வைத்திருக்கும் செலவு கூடிவிடுகிறது.

மூன்றாவது, போஸ்பெய்டு ஒப்பந்தம். தவணையில் கைத்தொலைபேசி வாங்கியவர்கள் பெரும்பாலும் 24 மாதம் கட்டுப்பட்டிருப்பார்கள். நடுவில் விலகினால் அபராதம். கம்பெனி கைமாறினாலும் அந்தக் கட்டு அவிழ்வதில்லை. “முதலாளிதான் மாறிட்டானே, இனி கட்ட வேண்டியதில்ல” என்று நினைத்துப் பில் கட்டாமல் விட்டவர்கள் உண்டு. பிறகு வக்கீல் கடிதம் வந்து நிற்கும்.

நான்காவது, சேவை இடங்கள். கடைகள் மூடப்படலாம், உதவி எண் மாறலாம், பில் கட்டும் முறை மாறலாம். வங்கி மூலம் தானாகக் கட்டுபவர்கள், பழைய கணக்குக்கே பணம் போகிறதா என்று பார்க்க வேண்டும்.

ஐந்தாவது, கோபுரங்கள். இரண்டு கம்பெனியின் கோபுரங்களும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் ஒன்றை எடுத்துவிடுவார்கள். பல இடங்களில் இதனால் அலை நன்றாகக் கிடைக்கும். செம்பனைக் காட்டு ஓரத்தில் இருக்கும் ஒரு லயத்தில் குறையவும் கூடும். அங்கே இருப்பவர் எழுதிப் போட்டால்தான் அவர்களுக்குத் தெரியும்.

இவ்வளவையும் ஒரு கம்பெனி ஒருதலையாகச் செய்யலாமா என்று நீங்கள் கேட்கலாம். நாம் கையெழுத்திட்ட தாளில், “நிபந்தனைகளை அவ்வப்போது மாற்றும் உரிமை எங்களுக்கு உண்டு” என்ற வரி பெரும்பாலும் இருக்கும். ஆனால் அந்த உரிமைக்கும் வேலி உண்டு. 1998-ஆம் ஆண்டின் தொடர்பு பல்லூடகச் சட்டத்தின்கீழ் வாடிக்கையாளருக்கான நடத்தை விதிகள் வகுக்கப்பட்டிருக்கின்றன. கட்டணத்தையும் நிபந்தனையையும் மறைக்காமல் தெளிவாகச் சொல்ல வேண்டும், புகாரை ஏற்று விசாரிக்க வேண்டும் என்பவை அவற்றின் சாரம். கம்பெனி பதில் சொல்லவில்லை என்றால் ஆணையத்திடம் புகார் செய்யலாம்.

எல்லாவற்றையும் விடப் பெரிய ஆயுதம் ஒன்று 2008-இல் நம் கைக்கு வந்தது. எண்ணை மாற்றாமல் கம்பெனியை மாற்றிக்கொள்ளும் வசதிதான் அது. அதற்கு முன், கம்பெனி பிடிக்கவில்லை என்றால் எண்ணையும் விட்டுவிட்டுப் போக வேண்டும். இப்போது எண் நம்மோடு வரும். ஆனால் மூன்று விஷயம்: எண் உயிரோடு இருக்க வேண்டும், அது நம் பெயரில், நம் அடையாள அட்டை எண்ணில் பதிந்திருக்க வேண்டும், பழைய பாக்கி இருக்கக் கூடாது. பிரிபெய்டில் மீதமிருக்கும் பணம் கூட வராது. அதைப் பேசித் தீர்த்துவிட்டுப் போவதே புத்திசாலித்தனம்.

இன்று மாலையே செய்யக்கூடியவை

குடும்பத் தலைவிகளே, அதிகச் செலவோ சிரமமோ இல்லாத சில காரியங்களைச் சொல்கிறேன். இன்று மாலை தேநீர் குடித்துவிட்டுச் செய்து பாருங்கள்.

ஒன்று: வீட்டில் உள்ள எல்லா எண்களும் யார் யார் பெயரில் இருக்கின்றன என்று கேட்டறியுங்கள். பிரிபெய்டு எண்களைப் பெயரோடு பதிய வேண்டும் என்ற கட்டாயம் 2006-இல் வந்தது. அப்போது பலர் கிடைத்த அடையாள அட்டையைக் கொடுத்துப் பதிந்துவிட்டார்கள். எண் வேறு பெயரில் இருந்தால், அந்த ஆள் உயிரோடும் கைக்கெட்டும் தூரத்திலும் இருக்கும்போதே கடைக்கு அழைத்துப் போய் மாற்றிவிடுங்கள்.

இரண்டு: ஒரு பழைய ஏட்டில் ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். கம்பெனி, திட்டத்தின் பெயர், மாதக் கட்டணம் அல்லது காலக்கெடு முடியும் நாள், ஒப்பந்தம் முடியும் நாள் ஆகியவற்றை எழுதி வையுங்கள். அந்த எண்ணை எந்தெந்த அலுவலகத்தில் கொடுத்திருக்கிறீர்கள் என்பதையும் எழுதுங்கள். வங்கி, சொக்சோ, சேமநிதி, பள்ளிக்கூடம், கிளினிக் எல்லாம் அதில் வரட்டும்.

மூன்று: போஸ்பெய்டு ஒப்பந்தத் தாளைத் தூக்கிப் போடாதீர்கள். பிறப்புப் பத்திரம் இருக்கும் தகரப் பெட்டியிலேயே அதற்கும் இடம் உண்டு.

நான்கு: கம்பெனி கைமாறுகிறது என்று செய்தி வந்தால், அந்த மாதப் பில்லையும் அடுத்த மூன்று மாதப் பில்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். கூடுதலாக ஒரு வெள்ளி வந்திருந்தாலும் ஏன் என்று கேளுங்கள். பிரிபெய்டு என்றால், டாப்-அப் செய்த உடனே வரும் செய்தியில் காலக்கெடு எந்த நாள் என்று பாருங்கள்.

ஐந்து: கேட்கும்போது எழுத்தில் கேளுங்கள். கடையில் வாய்வார்த்தையாகச் சொல்வது காற்றோடு போய்விடும். போனில் புகார் செய்தால் புகார் எண்ணையும் தேதியையும் ஏட்டில் குறித்துக்கொள்ளுங்கள். எழுதத் தெரியவில்லை என்று தயங்க வேண்டாம். தோட்டத்துப் பள்ளியில் ஆசிரியர்கள் எதற்கு இருக்கிறோம்? பினாங்குப் பயனீட்டாளர் சங்கமும் நீண்ட காலமாகத் தமிழிலும் பிரசுரங்கள் வெளியிட்டு வந்திருக்கிறது. உதவி கேட்பதில் கௌரவக் குறைவு எதுவும் இல்லை.

ஆறு: இது மிக முக்கியம். கம்பெனி கைமாறும் சமயம் பார்த்து மோசடிக்காரர்களும் கிளம்புவார்கள். “கம்பெனி மாறிவிட்டது, உங்கள் எண்ணைப் புதுப்பிக்க இதை அழுத்துங்கள்” என்று செய்தி அனுப்புவார்கள். இணைய முகவரி உள்ள குறுஞ்செய்திகளைத் தடுக்குமாறு 2023-இல் ஆணையம் கம்பெனிகளுக்குக் கட்டளையிட்டது. ஆனாலும் வாட்ஸ்அப் வழியாகவும் நேரடிப் பேச்சிலும் ஏமாற்றுகிறார்கள். வங்கியிலிருந்து வரும் ஆறிலக்க இரகசிய எண்ணை எந்தக் கம்பெனிக்காரனும் கேட்க மாட்டான். கேட்டால் அவன் கம்பெனிக்காரன் அல்லன். சந்தேகம் வந்தால் போனை வைத்துவிட்டு, பில்லில் அச்சிட்டிருக்கும் எண்ணுக்கு நீங்களே போட்டுக் கேளுங்கள்.

ஏழு: வீட்டில் உள்ள பெரியவர்களின் டெலிபோனை வாரத்திற்கு ஒருமுறை வாங்கிப் பாருங்கள். அவர்கள் தாமாகக் கேட்க மாட்டார்கள். “பிள்ளைங்களுக்கு எதுக்குத் தொந்தரவு” என்று சுருக்குப்பையில் முடிந்து வைத்துக்கொள்வார்கள்.

பாட்டியின் புதிய எண்

அன்று கடையில் பாட்டியின் பெயரிலேயே புதிய சிம் கார்டு வாங்கினோம். தம் அடையாள அட்டையைத் தாமே எடுத்துக் கொடுத்தார். “இப்ப இது என் பேர்ல தானே இருக்கு?” என்று என் பழைய மாணவனிடம் இரண்டு முறை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார். மகன் ஒரு பெரிய அட்டையில் அந்த எண்ணை எழுதி, சாமிப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டுத்தான் சிங்கப்பூருக்குத் திரும்பினார்.

ஆனாலும் பழைய எண்ணைப் பாட்டியால் மறக்க முடியவில்லை. அந்த எண் அவருடைய கணவர் உயிரோடிருந்தபோது வாங்கிக் கொடுத்தது. “அவர் அதுக்குத்தான் முதமுதல்ல போன் போட்டு, ‘கேக்குதா, கேக்குதா’ன்னு கத்துனாரு. ரெண்டு பேரும் ஒரே வீட்லதான் இருந்தோம்” என்று சொல்லிச் சிரித்தார். கம்பெனியின் கணக்கில் அது காலாவதியான ஓர் எண், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு என் வகுப்பில் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, ஆறாம் ஆண்டு மாணவர்கள் தங்கள் தாத்தா பாட்டிக்கு வந்த ஒரு குறுஞ்செய்தியை ஏட்டில் எழுதி வர வேண்டும். மலாயிலோ ஆங்கிலத்திலோ உள்ளதை வகுப்பில் தமிழில் விளக்க வேண்டும். முதல் வரி முதல் கடைசி வரி வரை. இப்படி ஒரு பையன் எழுதி வந்த செய்தியில்தான், அவன் தாத்தாவின் திட்டம் அடுத்த மாதத்தோடு மூடப்படுகிறது என்ற சேதி ஏழாவது வரியில் இருந்தது. அன்று மாலையே அவன் தந்தை கடைக்குப் போய், எண் போகாமல் பார்த்துக்கொண்டார்.

மூன்றாவது லயத்துப் பாட்டி இன்றும் ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறார். சுருக்குப்பையை அவிழ்த்து டெலிபோனை நீட்டுகிறார். நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கடைசி வரி வரை சத்தமாகப் படித்துச் சொல்கிறேன். விளம்பரமாக இருந்தால்கூட முழுவதையும் படிக்கிறேன். பாட்டி பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அவ்வளவுதானா டீச்சர்?” என்கிறார்.

“அவ்வளவுதான் பாட்டி” என்று இப்போது தைரியமாகச் சொல்கிறேன்.